புல்வெளி பார்க்க எங்கே போகலாம்: இரவிகுளமா, மன்னவனூரா, அவலாஞ்சியா?

போன வாரம் அக்கா போனில் கேட்டாள். "காலாண்டு லீவுக்குப் பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிட்டுப் போகணும்டா. மலைக்குப் போய்க் கடை கடையா ஏறி இறங்குறது வேண்டாம். பச்சைப் புல்லாவே ஒரு பள்ளத்தாக்கு இருக்குமே, போட்டோல பாத்தேன், அங்க போகணும். அம்மாவும் வர்றாங்க."

மதுரையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு அவள் சொன்ன புல்வெளி மூன்று இடங்களில் ஒன்றாக இருக்கும். மூணாறு பக்கத்தில் இரவிகுளம் தேசியப் பூங்கா, அதாவது எல்லோரும் ராஜமலை என்று சொல்லும் இடம். கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூர். ஊட்டிக்கு அப்பால் அவலாஞ்சி. மூன்றுக்கும் நான் போயிருக்கிறேன், வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு ஆட்களோடு. போட்டோவில் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். நேரில் போனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. அக்காவுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன், இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கு உதவட்டும்.

எங்கே போகலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் முடிவாக வேண்டும். எந்த மாதம் போகிறீர்கள், கூட யார் வருகிறார்கள். இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் இடம் பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் புல்வெளி என்றால் என்ன

கொஞ்சம் பொறுமையாக இதைப் படியுங்கள், ஏனென்றால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்து போனால் பயணமே வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேலே போனால் மலைச்சரிவெல்லாம் புல்லாகவும், இரண்டு சரிவு சேரும் மடிப்பில் மட்டும் கருகருவென்று குட்டை மரங்கள் அடைந்த சோலைக்காடாகவும் இருக்கும். யாரோ மரத்தை வெட்டிப் புல்லாக்கிவிட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இயற்கையே அப்படித்தான். நீலகிரிச் சதுப்புகளின் மக்கிய மண்ணை ஆராய்ந்தவர்கள், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல்வெளி இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். குளிர்கால இரவுகளில் திறந்த வெளியில் விழும் உறைபனி, சோலை மரங்களின் கன்றுகளைக் கருக்கிவிடுகிறது. புல் மட்டும் வேரிலிருந்து மறுபடி துளிர்த்துக்கொள்கிறது. சோலையும் புல்லும் இப்படி எல்லை பிரித்துக்கொண்டு காலங்காலமாக வாழ்கின்றன.

மழை பெய்யும்போது இந்தப் புல்லும் அதன் அடியிலிருக்கும் கருப்பு மண்ணும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். இரவிகுளத்தில் ஒரு பக்கம் விழும் மழை பெரியாற்றுக்குப் போகிறது, இன்னொரு பக்கம் விழுவது பாம்பாறாக இறங்கி அமராவதியில் சேர்கிறது. அவலாஞ்சிக்கு மேலே இருக்கும் புல்மலைகளில்தான் பவானி பிறக்கிறாள். உடுமலையில் நெல் விளைவதற்கும் சத்தியமங்கலத்தில் வாழை நிற்பதற்கும் பின்னால் இந்தப் புல் இருக்கிறது.

அப்படிப்பட்ட புல்லைத்தான் வெள்ளைக்காரர்கள் வெறும் தரிசு என்று கணக்கெழுதினார்கள். விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமாகச் சீகை மரத்தையும் (வாட்டில்) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அது நிற்கவில்லை. சீகை இப்போது யாரும் நடாமலேயே பரவுகிறது. பழனி மலையில் மட்டும் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2018இல் சொன்னது. மிச்சமிருப்பதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

எந்த மாதம்?

பிப்ரவரி, மார்ச் என்றால் இரவிகுளத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அது இந்த மலைப் பாறைகளில் வாழும் காட்டு ஆடான வரையாடு குட்டி போடும் காலம், அந்த இரண்டு மாதமும் பூங்காவை மூடிவிடுவார்கள். இது தெரியாமல் மூணாறு வரைக்கும் போய் வாசலில் நின்று திரும்பிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாதங்களில் மற்ற இடங்களிலும் புல் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கும், காட்டுத்தீ பயமும் உண்டு. பச்சை வேண்டும் என்று போகிறவர்களுக்கு அது சரியான காலமே இல்லை.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. மூணாறும் அவலாஞ்சியும் அந்த மழையை முழுசாக வாங்கும் இடங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பெய்தது. மதுரையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழைக்குக் கிட்டத்தட்ட சமம் அது. அதற்கு அடுத்த வருஷம், 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்கள், அதாவது வரிசை வீடுகள், புதைந்தன. எழுபது உயிர்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், பல குடும்பங்களுக்குப் பூர்வீகம் கயத்தாறு பக்கம். அந்த ரோட்டில் போகும்போதெல்லாம் எனக்கு அந்த இரவின் ஞாபகம் வராமல் இருந்ததில்லை. ஆகஸ்டில் அந்த மலைகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்றுதான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

மன்னவனூர் இங்கேதான் வித்தியாசப்படுகிறது. ஆனைமலை மறைத்துக்கொள்வதால் பழனி மலைக்குத் தென்மேற்கு மழை அவ்வளவாக வராது. ஜூலையில் போனாலும் காற்றும் சாரலும் மேகமுமாக இருக்கும், நடக்க முடியாத மழையாக இருக்காது. அதற்குப் பதிலாக அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழையில் கொடைக்கானல் நன்றாக நனையும், வத்தலகுண்டு மலைச்சாலையில் மண் சரிவதும் அப்போதுதான்.

டிசம்பர் கடைசி, ஜனவரி என்றால் அவலாஞ்சி. அங்கே அப்போது உறைபனி விழும். விடியற்காலையில் பள்ளத்தாக்கு முழுக்க உப்பைத் தூவியதுபோல வெள்ளையாகி, வெயில் பட்டதும் பத்தே நிமிஷத்தில் காணாமல் போய்விடும். தெர்மோமீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். வயசானவர்களையும் வீசிங் இருக்கும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிற காலம் அல்ல.

செப்டம்பர் கடைசி வாரம்தான் எனக்குப் பிடித்த காலம். தென்மேற்கு மழை ஓய்ந்து வடகிழக்கு தொடங்காத இடைவெளி. புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, நுனியில் பூ விட்டிருக்கும். மூன்று இடமுமே அப்போது நன்றாக இருக்கும். அக்கா கேட்டதும் அந்த வாரத்துக்குத்தான்.

இரவிகுளம்

மூன்றிலும் உண்மையான புல்வெளி எது என்று கேட்டால் சந்தேகமே இல்லாமல் இதுதான். 97 சதுர கிலோமீட்டர். இங்கிலீஷ்காரர்கள் வேட்டைக்காக ஒதுக்கிவைத்ததால் தேயிலை ஏறாமல் தப்பித்த நிலம். 1971இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலைகளைத் திரும்ப எடுத்தபோது இதுவும் கைக்கு வந்தது, 1975இல் சரணாலயமாகி 1978இல் தேசியப் பூங்கா ஆனது. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், இதற்குள்தான் நிற்கிறது. ஆனால் ஆனைமுடியில் ஏறலாம் என்ற ஆசையோடு போகாதீர்கள். நம்மை விடுவது ராஜமலை என்ற சின்னப் பகுதிக்குள் மட்டும்தான்.

மூணாறிலிருந்து மறையூர் ரோட்டில் எட்டு கிலோமீட்டர் போனால் டிக்கெட் கவுண்டர். அங்கே நம் வண்டியை நிறுத்திவிட வேண்டும். வனத்துறை பஸ்ஸில் தேயிலைத் தோட்டம் வழியாக மேலே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து மலையின் இடுப்பைச் சுற்றிப் போகிற தார் ரோட்டில் ஒன்றரை கிலோமீட்டர் போல நடந்து, அதே வழியில் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். புல்லுக்குள் கால் வைக்கக் கூடாது. ஒரு பக்கம் பாறைச் சுவராக மலை எழும்பி நிற்கும், மறுபக்கம் பள்ளத்தாக்கு விழுந்துகொண்டே போகும்.

வரையாட்டைப் பார்க்க முடியுமா என்று எல்லோரும் கேட்பார்கள். மற்ற இடங்களில் அதிர்ஷ்டம் இருந்தால் பார்க்கலாம் என்பேன். இங்கே பார்க்காமல் திரும்புவதுதான் அபூர்வம். உலகத்திலேயே இந்த ஆடு அதிகமாக ஒரே இடத்தில் இருப்பது இங்கேதான். ஒருமுறை நான் போனபோது ஒரு பெட்டை, குட்டியோடு ரோட்டு ஓரத் தடுப்புச் சுவரில் ஏறி நின்றது. மூன்றடி தூரம் இருக்கும். சுவரின் கல் இடுக்கில் ஊறியிருந்த ஈரத்தை நக்கிக்கொண்டிருந்தது. குளம்பு கல்லில் படும்போது காசு விழுகிற மாதிரி ஒரு சத்தம். கண்மணி வட்டமாக இல்லாமல் படுக்கைக் கோடாக இருந்ததைக்கூடப் பார்க்க முடிந்தது. குட்டி அம்மாவின் வயிற்றுக்கடியில் புகுந்து அந்தப் பக்கம் வந்து, எங்களைப் பார்த்து ஒரு கணம் நின்று, அப்படியே செங்குத்துப் பாறையில் நாலு தாவில் மேலே போய்விட்டது. நாம் கைப்பிடி இல்லாமல் நிற்கக்கூட முடியாத பாறை அது. சங்கப் பாட்டில் வருடை என்று வருவதை நம் மாநில விலங்காகப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாலும், அன்றைக்குத்தான் அது எனக்கு உயிருள்ள ஒன்றாகத் தெரிந்தது.

தமிழ்நாட்டில் 2025 கணக்கெடுப்பில் வரையாடுகள் 1,303. ஒரு மாநிலத்துக்கு இது சின்ன எண்ணிக்கை. அதனால்தான் பிஸ்கட் நீட்டுவது, கொம்பைப் பிடித்து போட்டோ எடுக்கப் பார்ப்பது எல்லாம் பார்க்கும்போது வயிறு எரிகிறது. தயவுசெய்து பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இதன் குறை கூட்டம். விடுமுறை நாட்களில் பஸ்ஸுக்காக இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறேன். டிக்கெட்டை இணையத்தில் முதல் நேரத்துக்கே எடுத்துவிட்டால் வெயிலும் கூட்டமும் ஏறுவதற்குள் பார்த்துவிட்டு இறங்கலாம். பத்து மணிக்கு மேல் போனால் ஆட்டை விட மனுஷத் தலைதான் அதிகம் தெரியும்.

மதுரையிலிருந்து போடி வழியாக 160 கிலோமீட்டருக்குள். போடிமெட்டு ஏற்றத்தில் பதினேழு கொண்டை ஊசி வளைவு. கோவை, திருப்பூர்க்காரர்களுக்கு உடுமலை, சின்னாறு, மறையூர் வழி, பூங்கா வாசலிலேயே கொண்டுவந்து விடும். சின்னாறு செக்போஸ்ட்டில் இரவில் வண்டி விட மாட்டார்கள், நேரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள். மூணாறுக்கு இ-பாஸ் தேவையில்லை. ஊரில் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள், சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் கஷ்டமில்லை.

மன்னவனூர்

கொடைக்கானலிலிருந்து 35 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் ஆகும். ரோடு குறுகல், எதிரில் பஸ் வந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும். ஆனால் வழியே ஒரு காட்சி. பூம்பாறை வந்ததும் வண்டியை நிறுத்திப் பாருங்கள். ஓட்டு வீடுகள் ஒரு மேட்டில் குவிந்து கிடக்க, சுற்றிலும் படிப்படியாக இறங்கும் வயல். மலைப்பூண்டு, உருளை, கேரட். இந்தப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வீட்டுக்குள் அடுப்புக்கு மேலே கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டி வைப்பார்கள், அதனால் பல மாதம் கெடாது. அக்கா மாதிரி ஆட்களுக்கு அதை வாங்காமல் திரும்பினால் மனசு ஆறாது. குழந்தை வேலப்பர் கோயிலும் அங்கேதான், அம்மாவுக்கு அது போதும்.

மன்னவனூரில் வனத்துறையின் சூழல் சுற்றுலா இடம் ஒன்று இருக்கிறது. கேட்டில் டிக்கெட் வாங்கி உள்ளே இறங்கினால் நாலா பக்கமும் வழவழவென்று புல்மேடுகள், நடுவில் ஏரி. பரிசல் விடுகிறார்கள். பக்கத்திலேயே மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையம், 1965இலிருந்து இருக்கிறது. கம்பளிக்காக வளர்க்கும் ஆடுகளும் முயல்களும் அங்கே உண்டு. ஆடு மேய்ந்து மேய்ந்து புல் கத்தரித்ததுபோல இருக்கும். சாயங்காலம் மந்தை பட்டிக்குத் திரும்பும்போது மேட்டின் மேலிருந்து வெள்ளைத் துணியை உதறி விரித்ததுபோல இறங்கி வரும்.

இங்கே புல்லில் உட்காரலாம், படுக்கலாம், உருளலாம். பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? என் பெண் நாலு வயசில் இங்கே ஒரு மேட்டின் உச்சியிலிருந்து அடிவரைக்கும் உருண்டு போய், எழுந்து, தலையெல்லாம் புல்லோடு மறுபடி மேலே ஏறி வந்தாள். பதினோரு முறை. நான் எண்ணினேன். இரவிகுளத்தில் இதை நினைத்தும் பார்க்க முடியாது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது காட்டுப் புல்வெளி அல்ல. சுற்றியிருக்கும் மேடுகளில் பைன், சீகை, கற்பூர மரம் வரிசை கட்டி நிற்கின்றன. ஒரு காலத்தில் அவை எல்லாமே புல்லாக இருந்த மேடுகள். பைன் மரத்தடியில் நின்று பாருங்கள், காய்ந்த ஊசியிலை மெத்தை போலக் கிடக்கும், அதற்கடியில் ஒரு புல் முளைத்திருக்காது. அழகான இடம்தான், சந்தோஷமாக இருக்கலாம்தான். வரையாடும் பெரிய மலைவெளியும் மனசில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாகிவிடும்.

அம்மா மாதிரி முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல். கேட்டிலிருந்து ஏரிக்குப் போகும்போது இறக்கம், திரும்பும்போது முழுக்க ஏற்றம். போகும்போது தெரியாது, வரும்போதுதான் தெரியும்.

கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7இலிருந்து கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. இணையத்தில் வண்டி எண்ணைப் போட்டு முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். கோடை சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பு வைக்கிறார்கள், கிளம்புகிற அன்று காலையில் தேடினால் கிடைக்காமல் போகலாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை உண்டு, வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். மன்னவனூரில் டீயும் பிரெட் ஆம்லெட்டும் கிடைக்கும், வயிறார மதியச் சாப்பாடு வேண்டுமென்றால் கொடைக்கானலிலேயே கட்டிக்கொண்டு கிளம்புவதுதான் நல்லது.

அவலாஞ்சி

மூன்றிலும் என் மனசுக்கு நெருக்கமானது இதுதான். இருந்தும் அக்காவுக்கு இதைச் சொல்லவில்லை.

மதுரையிலிருந்து ஊட்டியே 300 கிலோமீட்டர். அங்கிருந்து எமரால்டு வழியாக இன்னும் 28 கிலோமீட்டர் போல. மூன்று நாள் லீவில் ஒன்றரை நாள் வண்டியிலேயே போய்விடும். கோவைக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அவர்களுக்கு இதுதான் கிட்டத்து ஊர்.

உள்ளே சொந்த வண்டியில் போக முடியாது. வனத்துறை வண்டியில்தான் கூட்டிக்கொண்டு போவார்கள், இரண்டு மணி நேரம் போல ஆகும். கரடுமுரடான பாதை, குலுக்கி எடுத்துவிடும். இடுப்பு வலி இருப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். சோலைக்காட்டை மேலிருந்து பார்க்கும் ஒரு இடத்தில் நிறுத்துவார்கள். மரத்தலைகள் எல்லாம் உருண்டை உருண்டையாக, பச்சையும் செம்பழுப்பும் கலந்து நெருங்கி நிற்பதால் காலிஃபிளவர் சோலை என்று பெயர். நான் முன்னே சொன்ன, புல்லும் சோலையும் எல்லை பிரித்துக்கொள்ளும் கோடு இங்கே கத்தியால் வகுந்ததுபோலத் தெரியும். அப்புறம் பவானியம்மன் கோயில். சின்னக் கோயில், பக்கத்தில் ஓடை.

ஒரு திருப்பத்தில் டிரைவர் அண்ணன் எஞ்சினை நிறுத்தினார். யாரும் கேட்கவில்லை, அவராகவே நிறுத்தினார். "சத்தம் போடாம ஒரு நிமிசம் இருங்க" என்றார். காற்று புல்லைச் சீப்பால் வாருவதுபோல ஒரு சரிவிலிருந்து அடுத்த சரிவுக்குப் போனது. ஒரு மேட்டில் புல் சாய்ந்து வெள்ளி நிறமாகி, நிமிர்ந்து பச்சையாகி, அதற்குள் அடுத்த மேடு வெள்ளியாகும். வீடு, கம்பம், கடை, வேலி எதுவும் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் கிடையாது. பின்சீட்டில் இருந்த ஒரு பாட்டி மெதுவாகக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்தப் பக்கத்து மலைகளுக்கு அப்பால் முக்குருத்தி தேசியப் பூங்கா, 78 சதுர கிலோமீட்டர், வரையாட்டுக்காகவே காக்கப்படுகிறது. சுற்றுலாவுக்கு அது கிடையாது. மேல்பவானி அணைப் பக்கமும் நினைத்தபடி போக முடியாது, அனுமதி வேண்டும். நன்றாக நடக்கக்கூடிய இளவட்டங்களாக இருந்தால் அரசின் ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் அவலாஞ்சியிலிருந்து கொலாரிபெட்டாவுக்கு மலையேற்றம் இருக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகளே வழிகாட்டிகளாக வருகிறார்கள். புல்வெளியைக் கால்களால் உணர வேண்டும் என்றால் சட்டப்படி உள்ள நல்ல வழி இதுதான். தீக்காலத்தில் மலையேற்றம் நிறுத்தப்பட்டிருக்கும். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை மறக்காதவர்கள் அதைக் குறையாகச் சொல்ல மாட்டார்கள்.

நீலகிரி என்றதும் இன்னொன்று. இந்தப் புல்வெளிகள் தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம். அவர்களுடைய கோயிலுக்கு வேயும் புல்லே இந்தச் சதுப்புகளில்தான் விளைகிறது, அது இப்போது கிடைப்பது அரிதாகிவிட்டது. மந்து என்னும் தோடர் குடியிருப்பு ஒன்றைப் பார்த்தால் தூரத்தில் நின்று பாருங்கள், அது அவர்கள் வீடும் கோயிலும்.

மற்ற பெயர்கள்

வால்பாறை புல்மலை, அதாவது அக்காமலை கிராஸ் ஹில்ஸ், இணையத்தில் நிறையப் படங்களில் வரும். சாதாரணச் சுற்றுலாப் பயணிகளுக்கு அங்கே அனுமதி இல்லை. யாராவது கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பணம் கேட்டால் நம்பாதீர்கள். ஆனால் வரையாடு மட்டும் போதும் என்றால் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் ரோட்டில் ஒன்பதாவது வளைவுப் பக்கம் காலையில் பாறைகளில் கண்ணை வைத்துக்கொண்டு போங்கள். டிக்கெட்டே இல்லாமல் பார்த்தவர்கள் நிறையப் பேர்.

குறிஞ்சி பூப்பதைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் அவசரப்படத் தேவையில்லை. கடைசியாகப் பெரிய பூப்பு 2018இல் வந்தது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கில் அடுத்தது 2030. அந்த வருஷம் ஆகஸ்ட், செப்டம்பரில் இரவிகுளத்தில் கால் வைக்க இடமிருக்காது, இப்போதே நாட்காட்டியில் குறித்துவைப்பவர்கள் குறித்துவைக்கலாம்.

அக்காவுக்கு நான் சொன்னது

அம்மா இல்லாமல், பிள்ளைகளோடு மட்டும் என்றால் யோசிக்காமல் மன்னவனூர் என்றிருப்பேன். நானும் அத்தானும் இரண்டு பேர் மட்டும் என்றால் ஜனவரியில் அவலாஞ்சி. அம்மா கூட வருவதால் இரவிகுளம்.

காரணம் ரோடுதான். தார் ரோடு, கைப்பிடிச் சுவர், உட்காரத் திட்டு. பஸ் இறக்கிவிட்ட இடத்திலேயே அம்மா உட்கார்ந்துவிட்டாலும் மலை முழுக்கத் தெரியும், ஆடுகள் பெரும்பாலும் அங்கேயே வரும். முடிந்த தூரம் நடந்துவிட்டுத் திரும்பலாம், கடைசி வரை போயே ஆக வேண்டும் என்றில்லை. செப்டம்பர் கடைசி என்பதால் போன மழையின் பச்சை அப்படியே இருக்கும், ஏப்ரலில் கையடக்கமாக இருந்த குட்டிகள் ஆறு மாதத்தில் நன்றாகத் துள்ளிக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்குப் புல்லில் உருள முடியாத குறையை அந்தக் குட்டிகள் தீர்த்துவிடும்.

அவள் கேட்டாள், "ஒரே டிரிப்ல ரெண்டும் பாக்க முடியாதா?" கொடைக்கானலிலிருந்து மூணாறுக்கு மேப்பில் பார்த்தால் பக்கம்போலத் தெரியும். மலைக்கு மேலாக இருந்த பழைய ரோடு இப்போது காட்டுக்குள் மூடிக்கிடக்கிறது. கீழே இறங்கிச் சுற்றித்தான் போக வேண்டும், ஒரு நாள் போய்விடும். மூன்று நாளில் ஒரு மலையை நிதானமாகப் பாருங்கள் என்று சொன்னேன்.

திங்கள்கிழமை மதுரையில் காலை நாலரைக்குக் கிளம்புவது, போடியில் இட்லி சாப்பிட்டுவிட்டு வெயில் ஏறுவதற்குள் போடிமெட்டு ஏறிவிடுவது, மதியம் மூணாறில் அறை போட்டு அம்மாவுக்கு ஓய்வு. செவ்வாய் காலை முதல் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அம்மாவுக்கு ஸ்வெட்டர், முழங்கால் பட்டை, பிள்ளைகளுக்கு ரெயின்கோட், எல்லோருக்கும் எவர்சில்வர் பாட்டில். அட்டைப்பூச்சிக்கு ஒரு பொட்டலம் உப்பு எடுத்துவைக்கச் சொன்னேன், தார் ரோட்டில் தேவைப்படாது, இருந்தாலும் இருக்கட்டும். சின்னவன் இப்போதே நோட்டில் கொம்பு வளைந்த ஆடாக வரைந்து தள்ளுகிறானாம்.